கரை எங்கே இருந்தது?

பூம்புகார்க் கடற்கரையில் நின்று "முன்பு கடல் எங்கே இருந்தது?" என்று கேட்டால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். வலை சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் அலைக்கு அப்பால் கையை நீட்டி, "அங்கேதான் சின்ன வயதில் கட்டுமரம் ஏற்றி வைப்போம்" என்பார். கணினி முன்னால் இருப்பவர் செயற்கைக்கோள் படத்தில் ஒரு கோட்டைக் காட்டுவார். தமிழாசிரியர், இந்திர விழாவை மறந்ததால் நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்வதை நினைவூட்டுவார்.

மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. பெரியவர் காட்டிய இடத்தில் ஆண்டு இல்லை. செயற்கைக்கோள் படத்தில் ஆண்டு உண்டு, ஆனால் அது ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று முன்னால் போனவுடன் நின்றுவிடுகிறது. காப்பியத்தில் ஆண்டும் இல்லை, அளவும் இல்லை. ஆனால் ஒரு நகரமே போனது என்ற நினைவு மட்டும் நூற்றாண்டுகளாக அழியாமல் இருக்கிறது. கரை மாற்றத்தைப் புரிந்துகொள்ளக் கலையும் அறிவியலும் சேர்ந்து வேலை செய்வது என்றால், இந்த மூன்று பதில்களையும் ஒரே மேசையில் வைத்துக் குறுக்குக் கேள்வி கேட்பதுதான். ஆராய்ச்சி முடிந்த பிறகு அட்டைப்படம் வரைய ஓவியரைக் கூப்பிடுவது இதில் சேராது.

முதலில் கரை ஏன் நகர்கிறது என்று பார்த்துவிடலாம்.

மணலின் வரவு செலவு

கடற்கரையை ஒரு கணக்கு நோட்டாக நினைத்துக்கொண்டால் எளிது. மணல் வருகிறது, மணல் போகிறது. வரவு கூடினால் கரை கடலுக்குள் வளரும்; செலவு கூடினால் கடல் உள்ளே வரும். காவிரி டெல்டாவே இப்படிச் சேர்த்துவைத்த சொத்துதான். மலையிலிருந்து வந்த வண்டலும் மணலும் பல்லாயிரம் ஆண்டுகள் படிந்து உண்டான நிலத்தில்தான் நாம் நெல் விதைக்கிறோம்.

வரவுப் பக்கத்தில் ஆறு இருக்கிறது. அந்த வரவு இப்போது இளைத்துவிட்டது. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையும் அதற்கு மேலேயுள்ள அணைகளும் தண்ணீரைத் தேக்கும்போது வண்டலையும் சேர்த்தே தேக்குகின்றன. மிச்சம் வரும் வெள்ளத்தில் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகப் போய்விடுகிறது. பூம்புகாரில் காவிரி கடலோடு கலக்கும் இடத்தை முதன்முறையாகப் பார்க்கிறவர்கள் "இதுதானா?" என்று கேட்பார்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். அகண்ட காவிரியைத் திருச்சிப் பக்கம் பார்த்துவிட்டு வந்தவனுக்கு அந்த ஒடுங்கிய வாய்க்கால் ஒரு ஏமாற்றம்.

இன்னொரு வரவு, கரையோரமாகவே நகரும் மணல். அலைகள் கரையில் சாய்வாக மோதும்போது மணலைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகின்றன. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில், ஏறத்தாழ மார்ச் முதல் அக்டோபர் வரை மணல் வடக்கு நோக்கிப் போகும்; வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கித் திரும்பும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். அதனால் கரைக்குக் குறுக்கே கல் கொட்டினால் அதன் தெற்கே மணல் சேரும், வடக்கே பள்ளம் விழும். டெல்டாவுக்குச் சற்று வடக்கே புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டிய பிறகு, அதற்கு வடக்கே இருந்த நகரக் கடற்கரை கரைந்துபோனது இதனால்தான்.

மூன்றாவதாக, கடல் மட்டமே உயர்கிறது. 1901க்கும் 2018க்கும் இடையே உலகச் சராசரிக் கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்திருக்கிறது. டெல்டாக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: புது வண்டல் வராவிட்டால் பழைய வண்டல் தன் எடையிலேயே இறுகி அமுங்கும், நிலத்தடி நீரை உறிஞ்சினால் இன்னும் அமுங்கும். கடல் ஏறுவதும் நிலம் இறங்குவதும் கரையில் நிற்கிறவருக்கு ஒன்றுபோலத்தான் தெரியும்.

ஆனால் எல்லா இடத்திலும் கடல்தான் வெல்கிறது என்று எண்ணிவிடக்கூடாது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், இந்தியக் கரையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. கால் பங்குக்குச் சற்று அதிகமான பகுதி வளர்ந்திருந்தது. டெல்டாவின் தென்கோடியில் வேதாரண்யம் பக்கம் போனால் இந்த வளர்ச்சியைக் கண்ணால் பார்க்கலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து கோடியக்கரை நோக்கிப் போகும் வழியில் வரிவரியாகப் பழைய மணல்மேடுகள் கிடக்கின்றன. ஒவ்வொரு மேடும் ஒரு காலத்துக் கடற்கரை. கார்பன் முறையில் காலம் கணித்தபோது உள்நாட்டு மேடு சுமார் ஆறாயிரம் ஆண்டு பழையது என்றும், கோடியக்கரை அருகே உள்ளது சுமார் ஆயிரம் ஆண்டு பழையது என்றும் தெரிந்தது. பூம்புகாரில் நகரம் மூழ்கியது. வேதாரண்யத்தில் நிலம் பிறந்தது. ஒரே டெல்டாவில்தான் இரண்டும்.

ஓவியத்தை அளவுகோலாக்குவது

கரை எங்கே இருந்தது என்பதை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? லாண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் படம் எடுக்கின்றன. அதற்கு முன் நில அளவைத் துறையின் வரைபடங்கள். அதற்கும் முன்னால்? இங்கேதான் ஓவியன் உள்ளே வருகிறான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் வெனிஸ் நகரத்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே கானலெட்டோ என்ற ஓவியர் வாழ்ந்தார். இருட்டுப் பெட்டிக்குள் ஒளியை விழவைத்து, விழுந்த பிம்பத்தின் மேலேயே கோடு போடும் கருவியைப் பயன்படுத்தினார். அதனால் அவருடைய கட்டடங்கள் அளவு பிசகாமல் இருக்கும். வாய்க்கால் ஓரச் சுவர்களில் தண்ணீர் தொடும் உயரம் வரை படியும் பாசியின் பச்சைக் கோட்டைக்கூட அவர் விடாமல் தீட்டியிருந்தார். டாரியோ கமுஃபோ என்ற இத்தாலிய ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அந்தக் கட்டடங்களைத் தேடிப்போய், இன்று பாசி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்தார்கள். ஓவியத்தில் இருந்ததைவிடச் சுமார் 60 செ.மீ. மேலே இருந்தது. பதினோரு செ.மீ. கூடலாம், குறையலாம் என்றும் சொன்னார்கள். அலைமட்டத்தை முறையாகப் பதிவுசெய்யும் கருவி வெனிஸுக்கு வருவதற்கு முன்பே ஓர் ஓவியர் அந்த வேலையைத் தெரியாமலே செய்துவைத்திருக்கிறார்.

"ஓவியர்கள் அழகுக்காக மாற்றி வரைவார்களே?" என்ற சந்தேகம் நியாயமானது. இங்கிலாந்தின் வைட் தீவைச் சேர்ந்த ராபின் மெக்கின்னஸ் என்ற நிலவியலாளர் அதற்காகவே, கடற்கரையை வரைந்த ஓவியர்கள் எவ்வளவு நம்பத்தக்கவர்கள் என்று மதிப்பெண் போட்டார். பாறையின் ஒவ்வொரு அடுக்கையும் வரைகிறவருக்கு அதிக மதிப்பெண். மாலைச் சூரியனுக்காக மலையையே நகர்த்துகிறவருக்குக் குறைவு. பள்ளிக்கூட ஓவியப் போட்டியில் கிடைக்கும் மதிப்பெண்ணுக்கு நேர் எதிராக இருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்தில் என்ன இருக்கிறது? கானலெட்டோ இல்லை. ஆனால் தரங்கம்பாடி இருக்கிறது. 1620இல் டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர்கள் கோட்டையையும் ஊரையும் கடலையும் வரைந்துகொண்டே இருந்தார்கள். கோட்டை இன்றும் அதே இடத்தில் நிற்பதால், பழைய வரைபடத்தில் கோட்டைச் சுவருக்கும் அலைக்கும் எத்தனை தூரம் என்று பார்த்து, இன்று நடந்து அளந்துவிடலாம். பக்கத்திலேயே 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாண்டியர் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் கடல்புறப் பகுதி அலைக்குப் போய்விட்டது. கோயில் கட்டுகிறவன் அலை அடிக்கும் இடத்தில் அஸ்திவாரம் போடமாட்டான்; அந்த ஒரு பொது அறிவே ஒரு தரவு.

நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு செங்கல் கோபுரம் இருந்தது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள். கப்பல்காரர்களுக்கு அது கரை அடையாளம். 1867இல் அதை இடித்துவிட்டார்கள். இடிப்பதற்கு முன்பு யாரோ பொறுமையாக வரைந்துவைத்த கோட்டோவியத்தால்தான் அது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிகிறது.

பூம்புகார் இதில் ஒரு விடுகதை. கீழையூரில், இன்றைய கரையிலிருந்து உள்ளே தள்ளி, 1960களில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை ஒன்று கிடைத்தது. அங்கிருந்த மரக்கட்டையைக் காலக் கணிப்புச் செய்ததில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் என்று வந்தது. மறுபக்கம், தேசியக் கடலியல் நிறுவனத்தினர் கடலில் தேடியபோது அலையடிக்கும் இடத்திலேயே பழைய கட்டுமானங்கள் தென்பட்டன. 23 மீட்டர் ஆழத்தில் குதிரைலாட வடிவத்தில் ஓர் அமைப்பும் இருந்தது. அது மனிதன் கட்டியதா, எந்தக் காலத்தது என்பதில் வாதம் ஓயவில்லை. படகுத்துறை நிலத்துக்குள்ளே, ஊர் தண்ணீருக்குள்ளே! ஆறு தூர்ந்து விலகியதும் கடல் ஏறியதும் ஒரே ஊரில் நடந்திருக்கின்றன. காப்பியம் அதை ஒரே இரவின் சாபமாகச் சுருக்கிவிட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். நினைவில் நிற்பதற்குச் சாபம்தான் வசதி.

பூம்புகாரில் 1973இல் கட்டிய ஏழுநிலை சிலப்பதிகாரக் கலைக்கூடம் இருக்கிறது. கண்ணகி கதை முழுவதும் கல்லில் உண்டு. கரை நகர்ந்த கதைக்கு அங்கே ஒரு சுவர் ஒதுக்கினால் என்ன என்று போகும்போதெல்லாம் தோன்றும்.

தெருவில் ஒரு கோடு

பழைய ஓவியத்தைப் படிப்பது ஒரு பாதி. புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது மறுபாதி.

2007இல் ஈவ் மோஷர் என்ற கலைஞர் நியூயார்க்கில், கடல் மட்டத்துக்குப் பத்தடி உயரத்தில் இருக்கும் இடங்களை எல்லாம் இணைத்துத் தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டார். விளையாட்டு மைதானத்தில் கோடு போடும் தள்ளுவண்டிதான் தூரிகை. கோடு வீட்டு வாசல்களையும் கடைகளையும் கடந்து சுமார் 110 கி.மீ. நீண்டது. வெளியே வந்து "என்ன இது?" என்று கேட்டவர்களிடம், பெரிய புயல் வந்தால் தண்ணீர் எட்டக்கூடிய உயரம் என்று விளக்கினார். ஐந்து ஆண்டு கழித்து சாண்டி புயல் வந்தபோது அந்தத் தெருக்களில் பலவற்றில் தண்ணீர் நின்றது. ஸ்காட்லாந்தின் ஒரு தீவில் 2018இல் இரண்டு பின்லாந்துக் கலைஞர்கள் ஒளிக்கோடுகளை வைத்தார்கள். கடலில் ஓதம் (தினமும் கடல்நீர் ஏறி இறங்குவது) ஏறும்போது உணர்கருவி அதை அறிந்து, வீட்டுச் சுவரில் எதிர்காலத் தண்ணீர் மட்டம் வெள்ளைக் கோடாக எரியும்.

இதை டெல்டாவில் செய்ய நமக்குத் தள்ளுவண்டி வேண்டாம். விடியற்காலையில் வாசலில் கோடு இழுக்கத் தெரிந்த கைகள் தெருவுக்கு நூறு இருக்கின்றன. நாகப்பட்டினத்திலோ தரங்கம்பாடியிலோ, பாலிடெக்னிக் மாணவர்கள் லெவல் கருவியை வைத்து ஒரு குறிப்பிட்ட உயரத்தை ஒவ்வொரு வாசலிலும் குறித்துக்கொடுக்க, அந்தப் புள்ளிகளைக் கோலமாவால் பெண்கள் இணைக்கட்டும். புள்ளி வைத்துக் கோடு இழுப்பதுதானே கோலம். உயரக்கோட்டு வரைபடமும் அதேதான்.

அந்தக் கோடு எங்கே போகும் என்று யோசித்தால் இன்னும் சுவையாக இருக்கும். டெல்டா தட்டையான நிலம். கோடு கடலுக்கு இணையாக நேராகப் போகாது. வாய்க்காலைக் கண்டதும் உள்ளே திரும்பும். வயலோரமாக நெடுந்தூரம் போய், பிறகு மறுகரை வழியாகத் திரும்பி வரும். கோடு போடுகிற பெண் ஒருத்தி, "இந்த மதகு பழுதாகிக் கிடக்கிறதே, இதன் வழியாகத்தானே உப்புத்தண்ணீர் எங்கள் வயலுக்கு வருகிறது" என்று சொல்லக்கூடும். கணினி மாதிரியில் அந்த மதகு மூடியிருப்பதாக இருக்கலாம். விஞ்ஞானி குனிந்து குறித்துக்கொள்ள வேண்டிய இடம் அதுதான். கடைமடை விவசாயிக்கு கடல் அலையாக வருவதில்லை. கிணற்றில் உவர்ப்பாக வருகிறது.

தடித்த கோடு

தொடக்க நிலை வாசகர்கள் அறிவியலில் பெரும்பாலும் தவறவிடுவது பிழை வரம்பு. "கரை நாற்பது மீட்டர் உள்ளே வந்திருக்கிறது" என்று சொன்னால், உண்மையில் அது முப்பதாகவும் இருக்கலாம், ஐம்பதாகவும் இருக்கலாம். பெரும்பாலான லாண்ட்சாட் படங்களில் ஒரு கட்டம் 30 மீட்டர் அகலம். ஓதம் ஏறியிருக்கும்போது எடுத்த படமும் வற்றியிருக்கும்போது எடுத்த படமும் வேறுவேறு கரையைக் காட்டும். ஐப்பசியில் கடல் எடுத்த மணலைச் சித்திரையில் திருப்பிக் கொடுப்பதும் உண்டு. வரைபடத்தில் போடும் மெல்லிய சிவப்புக் கோடு இவை எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. தெரியாததை எப்படிக் காட்டுவது என்பது ஒரு வரைதல் பிரச்சினை. வரைகிறவர்களிடம் கேட்க வேண்டியது.

நம்மிடம் கருப்பூர்க் கலம்காரி இருக்கிறது. 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. கோயில் விதானங்களுக்கும் தொம்பைகளுக்கும் (உருளையாகத் தொங்கும் துணி அலங்காரம்) துணியில் எழுதும் மரபு. கதையைக் கிடைக்கட்டாக, வரிவரியாகச் சொல்லும் வழக்கம் அதற்கு உண்டு. ஒரு நீளத் துணியில், ஒரு வரிக்கு ஒரு காலம் என்று கரையை எழுதலாம். உறுதியாகத் தெரிந்த இடத்தில் இரும்பும் வெல்லமும் ஊறிய கருப்பு மையில் கூர்மையான கோடு. சந்தேகமான இடத்தில் சாயம் துணியில் பரவட்டும். சாயம் பரவுவதை இத்தனை காலமும் தவறு என்று திருத்திய கைக்கு, எவ்வளவு பரவவேண்டும் என்று ஆய்வாளர் அளவு சொல்லவேண்டியிருக்கும். அப்போது இருவரும் கொஞ்சம் சண்டை போடுவார்கள். போடட்டும்.

இந்த மண்ணில் இன்னொரு பழைய கூட்டும் இருக்கிறது. சுவாமிமலைச் சிற்பிகள் மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது காவிரியின் வண்டல் மண். அது அவ்வளவு நயமானதால்தான் விரல் நகத்தின் வரிகூட உலோகத்தில் இறங்குகிறது. டெல்டாவைக் கட்டியதும் அதே வண்டல். அணைக்குப் பின்னால் வண்டல் தங்கிவிடுகிறது என்ற செய்தியைக் கடலோரத்தில் ஒரு விதமாகவும் சிற்பக் கூடத்தில் வேறு விதமாகவும் படிக்கலாம். மண்ணின் நயத்தை விரலால் அறிந்த சிற்பியையும், சல்லடை போட்டுத் துகள் அளக்கும் மாணவரையும் ஒருநாள் ஒரே ஆற்றுப்படுகையில் உட்காரவைக்க ஆசை.

யாருடைய கோடு?

ஒன்றை எச்சரிக்கையாகச் சொல்லவேண்டும். கரைக்கோடு அப்பாவியான கோடு அன்று. உயர் ஓதக்கோடு எங்கே என்பதை வைத்துத்தான் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்ற மத்திய அரசு விதி யார் எங்கே கட்டலாம் என்று சொல்கிறது. வலை காயவைக்கும் மணல், படகு ஏற்றும் இடம், கருவாடு உலர்த்தும் திடல் ஆகியவை வரைபடத்தில் வெற்றிடமாகத் தெரிந்தால், வெற்றிடம் என்றே கருதப்படும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்து நின்ற ஊர்களில் இந்தக் கோட்டைப் பற்றிய பேச்சு எளிதாக இருக்கவில்லை. அந்த ஊர்களுக்குத் தூரிகையோடு போகிறவர்கள், அலையை அழகாக வரைவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும்.

மீனவர்களை "பாரம்பரிய அறிவு" என்ற தலைப்பின் கீழ் ஒரு புகைப்படமாக வைத்துவிட்டுப் போவதும் கூட்டுவேலை ஆகாது. அவர்களுடைய சொல்லே அளவுகோல். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு காற்று. எந்தக் காற்றில் மணல் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டால், மேலே நான் மாதக் கணக்கில் சொன்னதை அவர்கள் காற்றின் பெயரால் சொல்லிவிடுவார்கள். முத்துப்பேட்டைக் கழிமுகக் காட்டுக்கு அலையாத்தி என்று பெயர் வைத்தவர்கள் அது என்ன செய்கிறது என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதவில்லை, பெயரிலேயே முடித்துவிட்டார்கள்.

ஊர்ப்பெயரையும் இப்படிப் படிக்கலாம்: மேடு, திட்டு, பட்டினம். ஆனால் துறை என்றவுடன் கடல் என்று குதித்துவிடக்கூடாது. மயிலாடுதுறையின் துறை ஆற்றுத்துறை.

எங்கிருந்து தொடங்குவது?

2017இல் சிட்னியில் தொடங்கிய கோஸ்ட்ஸ்னாப் என்ற திட்டம் மிக எளிமையானது. கடற்கரையில் ஒரு கம்பம், அதில் கைப்பேசியை வைக்க ஒரு தாங்கி. வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதே இடத்தில், அதே கோணத்தில் படம் எடுத்து அனுப்புவார்கள். கோணம் மாறாததால் நூறு பேர் எடுத்த படமும் ஒரே அளவுகோல் ஆகிவிடுகிறது.

கம்பம் நடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அசையாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: கோட்டைச் சுவரின் மூலை, கலங்கரை விளக்கம், கோயில் மதில். பனைமரம் வேண்டாம்; என் தாய்மாமா அடையாளம் வைத்திருந்த பனை, கஜா புயலில் போய்விட்டது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அதே இடத்தில் நின்று ஒரு படம் எடுங்கள். கையால் ஒரு கோட்டுப்படமும் வரையுங்கள், எவ்வளவு மோசமாக வந்தாலும் சரி. புகைப்படம் எல்லாவற்றையும் சமமாகப் பிடிக்கும், கையால் வரையும்போதுதான் அலை விட்டுப்போன நுரைக்கோடு எங்கே நிற்கிறது, மணல் எங்கே படி வெட்டியதுபோல இறங்குகிறது என்று கண் நின்று பார்க்கும். சுவர் மூலையிலிருந்து ஈரமணல் வரை எத்தனை தப்படி என்று எண்ணுங்கள். பின்பக்கத்தில் தேதி, நேரம், தப்படி எண்ணிக்கை. பக்கத்தில் படகு இழுத்துக்கொண்டிருப்பவரிடம் இன்று என்ன காற்று என்று கேட்டு, அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.